சிரிப்பு வர வழி விடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்கு ஜோக் எல்லாம் சொல்ல வராதுங்க, நான் கொஞ்சம் சீரியஸ் டைப்." சிரிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பல வருஷமாக அந்த ஒருவர் நான்தான். ஜோக் சொல்ல ஆரம்பித்தால் கடைசி வரியை முதலிலேயே உளறிவிடுவேன். இல்லையென்றால் பாதியிலேயே நான் சிரித்துவிட, மற்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் புரொவைன் என்ற நரம்பியல் ஆய்வாளரின் வேலையைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. அவரும் மாணவர்களும் கடைத்தெருக்களிலும் நடைபாதைகளிலும் நின்று, ஜனங்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று 1,200 தடவை குறித்துக்கொண்டார்கள். சிரிப்புக்கு முந்தைய பேச்சில் ஜோக் என்று சொல்லத்தக்கது 10 முதல் 20 சதவீதம்தான். மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" ரகம். கேட்டவரை விடச் சொன்னவர்தான் அதிகம் சிரித்திருக்கிறார். இன்னொரு கணக்கும் அவர் எடுத்தார்: தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு கூட்டத்தில் சிரிக்கிறோம்.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஜோக் சொல்லும் பாடம் கிடையாது. சிரிப்பு அது பாட்டுக்கு வந்து போகிற மாதிரி நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான் விஷயம்.

முதலில், உடம்புக்குள் என்ன நடக்கிறது

சிரிப்பு அடிப்படையில் ஒரு மூச்சு வேலை. பேசும்போது வெளிவிடும் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் செலவு செய்கிறோம். சிரிக்கும்போது விலாத் தசைகள் நெஞ்சுக்கூட்டைப் பிடித்துப் பிழிகின்றன. காற்று துண்டு துண்டாக வெளியே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு 'ஹா'வுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. நெஞ்சில் காற்றே இல்லை என்கிற அளவுக்குக் காலியாகி, பிறகு ஒரு பெரிய மூச்சு உள்ளே வருகிறது. அந்தப் பெருமூச்சில்தான் தோள் இறங்குகிறது.

தசைகளும் தளர்ந்துவிடுகின்றன. இரண்டு பேர் ஒரு பீரோவை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போகும்போது நடுவில் சிரிப்பு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். "ஏய் வை, வை, கீழே வை!" பிடி விட்டுப்போகும், முழங்கால் தொளதொளத்துப்போகும். இது கற்பனை இல்லை. சிரிக்கும்போது கால் தசையின் அனிச்சைச் செயல் மங்குவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது வலி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூட்டத்துக்கு நகைச்சுவைக் காட்சிகளையும், இன்னொரு கூட்டத்துக்குச் சுவையற்ற காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை மாதிரி ஒன்றைக் கையில் இறுக்கி, எந்த அளவில் "போதும்" என்கிறார்கள் என்று பார்த்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவர்கள் அதிகம் தாங்கினார்கள். 2017இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் 12 பேரை வைத்து மூளையையே படம் பிடித்தார்கள். நண்பர்களோடு உட்கார்ந்து சிரித்த பிறகு, உடம்பு தானே தயாரிக்கும் வலி நிவாரணியான எண்டார்ஃபின் மூளையில் சுரந்தது தெரிந்தது. "உடன் நண்பர்கள்" என்ற விவரத்தை மட்டும் நினைவில் வையுங்கள், மூன்றாம் படியில் தேவைப்படும்.

இதய நோயைத் தீர்க்கும், புற்றுநோயை விரட்டும் என்று சுற்றிவரும் செய்திகளை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். நகைச்சுவைக் காட்சி பார்த்த பிறகு ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்ததைக் கண்ட ஆய்வு உண்டு. ஆனால் அதில் இருந்தவர்கள் 20 பேர். கலோரிக் கணக்கும் உண்டு: ஒரு நாளைக்கு 10, 15 நிமிடம் சிரித்தால் 10 முதல் 40 கலோரி செலவாகும் என்றது 2007இல் வந்த ஓர் ஆய்வு. எடை குறைக்கச் சிரிப்பை நம்பினால் எடைதான் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். "குழந்தை ஒரு நாளைக்கு 300 தடவை சிரிக்கிறது, பெரியவர்கள் 15 தடவைதான்" என்று படத்தோடு வருகிறதே, அதற்கு ஆய்வு ஆதாரமே இல்லை.

நார்மன் கசின்ஸ் கதையும் இங்கே வரவேண்டும். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரான அவர் 1964இல் முதுகெலும்பைப் பாதிக்கும் கடும் மூட்டு நோயில் விழுந்தார். வேடிக்கைப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். "சிரித்தே நோயைக் குணமாக்கினார்" என்று ஊர் பேசியது. ஆனால் வைட்டமின் சியையும் அவர் அப்போது ஏராளமாக எடுத்துக்கொண்டிருந்தார், மருத்துவரின் துணையும் இருந்தது. அவர் அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தை மட்டும். வலியில் கிடப்பவருக்கு அதுவே பெரிய வரம்.

படி 1: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். எப்போது, யாரோடு, எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். செல்போனில் ஒரு வரி குறித்தால் போதும். அனுப்பும் செய்திகளில் போடும் சிரிப்பு முகங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையை அனுப்பும்போது நம் முகம் எப்படி இருக்கிறது? ரேஷன் அட்டைப் படத்தில் இருப்பது மாதிரி இருக்கும். சத்தம் வந்தால்தான் சிரிப்பு.

நான் செய்தபோது, நான் அதிகம் சிரிப்பது என் அக்காவோடு போனில் பேசும்போது என்று தெரிந்தது. மாதத்துக்கு ஒருமுறைதான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தினமும் இரண்டு மணி நேரம் கைப்பேசியில் பார்த்த வேடிக்கை வீடியோக்களுக்கு மூக்கு வழியாக ஒரு காற்று, அவ்வளவுதான்.

படி 2: ராத்திரி மூன்று வரி

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். படுக்கப் போகுமுன், அன்றைக்கு நடந்த வேடிக்கையான மூன்று விஷயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஏன் வேடிக்கையாகப் பட்டது என்று ஒரு வரி. 2013இல் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஒரே ஒரு வாரம் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோதும், செய்தவர்களின் மகிழ்ச்சி அளவு கூடியிருந்தது.

முதல் இரண்டு நாள் ஒன்றுமே தோன்றாது. "இன்று ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுத வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் மாதிரி ஒரு மாற்றம் வரும்: ராத்திரி எழுத வேண்டுமே என்ற நினைப்பில் பகலிலேயே கண் தேட ஆரம்பித்துவிடும். என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"1. செல்போனைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இருட்டாக இருந்ததால் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆயிற்று புரிய.
2. தெருவில் ஒருவர் கை அசைத்தார், நானும் பல்லெல்லாம் தெரிய அசைத்தேன். எனக்குப் பின்னால் நின்றவருக்கு அசைத்திருக்கிறார். அந்தக் கையை வீணாக்காமல் தலையைக் கோதிக்கொண்டேன்.
3. ஆன்லைன் மீட்டிங்கில் பத்து நிமிடம் உருக்கமாகப் பேசினேன். மியூட்டில் இருந்தேன். யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது."

இதில் எதுவும் மேடையில் சொன்னால் எடுபடாது. அதனால் என்ன? நோட்டு மேடைக்கு இல்லை. மூன்றாவது சம்பவம் நடந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுதும்போதுதான் சிரிப்பு வந்தது. அதே சம்பவம், எட்டு மணி நேர இடைவெளி. இந்த இடைவெளி போகப் போகச் சுருங்கும். இப்போதெல்லாம் சில சமயம் எரிச்சல் வந்துகொண்டிருக்கும்போதே "இது நோட்டுக்கு ஆகும்" என்று தோன்றிவிடுகிறது.

படி 3: ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்

30 மடங்குக் கணக்கை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையான நிகழ்ச்சியைத் தேடுவதைவிட, சுமாரான நிகழ்ச்சியை இன்னொருவரோடு பார்ப்பது மேல். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் போன் போட்டுக்கொண்டே இரண்டு பேரும் அவரவர் வீட்டில் பார்க்கலாம். எழுத்தில் அனுப்புவதைவிடக் குரல் நல்லது. சிரிப்பு ஒரு சத்தம், காது வழியாகத்தான் தொற்றும்.

முதல் படியில் கிடைத்த பெயர்களை எடுங்கள். இரண்டு, மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட வாரத்தில் ஒரு நேரம் வையுங்கள். "சிரிக்கக் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள், அத்தோடு தீர்ந்தது. நோட்டில் எழுதியதில் ஒன்றைச் சொல்ல ஆரம்பியுங்கள். அவர்கள் பதிலுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். நம் அசட்டுத்தனத்தைச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குத் தன் அசட்டுத்தனத்தைச் சொல்லத் தைரியம் வருகிறது.

படி 4: உங்கள் சிரிப்பு எந்த வகை என்று பாருங்கள்

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகையைத்தான். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் இகழ்ச்சி. இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை அறியாமையில் செய்வது. மடன் என்பதற்கு, கேட்டதை ஆராயாமல் அப்படியே நம்பிவிடுவது என்று பொருள் சொல்வார்கள். செல்போன் டார்ச்சில் செல்போனைத் தேடியது பேதைமை. முந்நூறு தடவைக் கணக்கை நான் ஒரு காலத்தில் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேனே, அது சுத்தமான மடன்.

நவீன உளவியலும் நான்காகப் பிரிக்கிறது. கனடாவின் ராட் மார்ட்டின் குழு 2003இல் செய்த பிரிவு இது: எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் நகைச்சுவை, கஷ்டத்திலும் தன்னைத் தேற்றிக்கொள்ளும் நகைச்சுவை, பிறரைக் குத்துவது, தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. முதல் இரண்டும் மன நலத்தோடு சேர்ந்து வருகின்றன. நான்காவது, மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து காணப்படுகிறது.

இரண்டாவதும் நான்காவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும், அங்கேதான் குழப்பம். பிரித்துப் பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். "இன்றைக்கு நான் செய்த கூத்தைப் பார்" என்று சொல்லும்போது செயலைப் பார்த்துச் சிரிக்கிறோம். "நான் எப்பவுமே இப்படித்தான், எதுக்கும் லாயக்கில்லை" என்னும்போது ஆளையே கழித்துக்கட்டுகிறோம். நோட்டில் 'எப்பவுமே' என்ற சொல் வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படி 5: கேலிக்குக் கோடு போடுங்கள்

விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி வலிக்கும் என்று குறள் சொல்கிறது: "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி". "சும்மா தமாஷுக்குத்தானே சொன்னேன்" என்ற வாக்கியத்தை நீங்கள் சொல்ல வேண்டி வந்தால், தமாஷ் ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று பொருள். உடம்பு, நிறம், பேச்சுக் குறை, வருமானம், குழந்தை இல்லாதது: இவற்றைத் தொட வேண்டாம். அவரே தொட்டாலும் பின்தொடர வேண்டாம். பதவியில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேலி செய்தால், சிரிப்பவர்கள் பாதிப்பேர் சம்பளத்துக்காகச் சிரிக்கிறார்கள்.

யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் இந்தப் பயத்துக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்கள் நுழையும்போது சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தால், எதற்குச் சிரிக்கிறோம் என்று உடனே சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: வராத நாளில் வரவழைப்பது

1995இல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர் ஒரு பூங்காவில் ஐந்து பேரை வைத்துச் சிரிப்பு மன்றம் தொடங்கினார். ஆளுக்கு ஒரு ஜோக் சொல்வது என்று ஏற்பாடு. இரண்டே வாரத்தில் சரக்கு தீர்ந்துபோய், முகம் சுளிக்க வைக்கும் ஜோக்குகள் வர ஆரம்பித்தன. அப்போதுதான் ஜோக்கே வேண்டாம், சும்மா சிரிப்போம் என்று முடிவு செய்தார். சிரிப்பு யோகா என்று உலகெங்கும் பரவியது அதுதான்.

முதலில் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் முறை எளிது:

1. நான்கைந்து பேர் வட்டமாக நில்லுங்கள். தனியாகச் செய்தால் கண்ணாடி முன்.
2. உள்ளங்கைகள் முழுதாகப் படும்படி கைதட்டுங்கள்: ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று. அதே தாளத்தில் "ஹோ ஹோ, ஹா ஹா ஹா".
3. கையைத் தூக்கி ஆழ மூச்சிழுத்து, மெதுவாக விடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் இது கட்டாயம்.
4. அடுத்தவர் கண்ணைப் பார்த்து அரை நிமிடம் பொய்யாகச் சிரியுங்கள். பேச்சு கூடாது.
5. இப்படி மாற்றி மாற்றிப் பத்து நிமிடம். கடைசியில் கண்ணை மூடி அமைதியாக உட்காருங்கள்.

நான்காவதில் என்ன நடக்கும் என்றால், எதிரில் இருப்பவரின் பொய்ச் சிரிப்பு அவ்வளவு கேவலமாக இருக்கும், உங்களுக்கு நிஜமாகவே வந்துவிடும்.

பொய்ச் சிரிப்பு மனதை மாற்றுமா? 1988இல், பேனாவைப் பல்லால் கடித்துச் சிரித்த முகம் போல வைத்துக்கொண்டவர்களுக்குக் கார்ட்டூன்கள் கூடுதல் வேடிக்கையாகத் தெரிந்தன என்றார்கள். 2016இல் 17 ஆய்வுக்கூடங்கள் அதையே செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. 2022இல் 19 நாடுகளில் 3,800க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்ததில், புன்னகையை வேண்டுமென்றே பாவனை செய்தால் மகிழ்ச்சி சிறிதளவு கூடுகிறது என்று தெரிந்தது. சிறிதளவுதான். ஆகவே இந்தப் படி ஒரு தள்ளு ஸ்டார்ட், வண்டியே இது இல்லை. ஊழியர்களை வாடிக்கையாளர் முன்னால் நாள் முழுக்கச் சிரிக்கச் சொல்லும் நிறுவனங்கள் இதைக் காட்டி நியாயம் பேச வேண்டாம். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று நடிப்பது ஆளைக் களைக்க வைக்கும்.

படி 7: கஷ்ட காலத்தில்

வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் நாஜி வதைமுகாமில் இருந்தபோது, கூட வேலை செய்த நண்பரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: விடுதலைக்குப் பிறகு நடக்கக்கூடிய வேடிக்கையான சம்பவம் ஒன்றைத் தினமும் கற்பனை செய்ய வேண்டும். முகாமில் கஞ்சி ஊற்றும்போது பாத்திரத்தின் அடியிலிருந்து எடுத்தால்தான் கரண்டியில் ஏதாவது திடமாகத் தட்டுப்படும். என்றோ ஒருநாள் பெரிய விருந்தில் உட்கார்ந்திருக்கும்போது பழக்க தோஷத்தில் "அடியிலிருந்து எடுத்து ஊற்றுங்கள்" என்று கெஞ்சிவிடுவோமோ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்களாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்றைய துன்பத்தை அவர்கள் மறுக்கவில்லை, அதையே எதிர்காலத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். நீங்களும் செய்யலாம்: "இந்தக் கதையை ஐந்து வருஷம் கழித்து யாரிடம், எப்படிச் சொல்வேன்?" என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.

அடுத்தவரின் கஷ்டத்தில் விதி வேறு. 1986இல் நியூயார்க்கில் மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற சர்க்கஸ் கோமாளி, மருத்துவமனைக் குழந்தைகளைப் பார்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். இப்போது பல நாடுகளில் இந்த வேலை நடக்கிறது. மயக்க மருந்து கொடுக்குமுன் கோமாளி கூட இருந்தால் குழந்தைகளின் பயம் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கோமாளிகள் முதலில் கற்பது, கதவருகே நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்க. குழந்தை வேண்டாம் என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். சிரிக்க வைக்கப் போகும் நாமும் அப்படித்தான் போக வேண்டும். துக்க வீட்டில் முதல் சிரிப்பு துக்கத்தில் இருப்பவரிடமிருந்து வரட்டும். வந்தால் சேர்ந்து சிரியுங்கள், அது இறந்தவரின் குறும்பைப் பற்றியதாகவே இருக்கும்.

எப்போது கவனம் தேவை

எல்லாச் சிரிப்பும் சந்தோஷம் இல்லை. 1962இல் இன்றைய தான்சானியாவின் கஷாஷா கிராமத்தில் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் அடக்க முடியாத சிரிப்பு பரவி, பள்ளியையே மூடினார்கள். இடையிடையே அழுகையும் வந்தது. மன அழுத்தம்தான் காரணம் என்று பின்னால் விளக்கினார்கள். காரணமே இல்லாமல், நிறுத்த முடியாமல் ஒருவருக்குச் சிரிப்போ அழுகையோ வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகும், சில வகை வலிப்பிலும் அப்படி வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, எதுவும் சிரிப்பூட்டவில்லை என்றால் நோட்டைத் தூக்கி வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பலத்த சிரிப்பு இழுப்பைக் கிளப்பலாம், இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிரிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், இடுப்புத் தளப் பயிற்சிகளால் பலருக்குச் சரியாகும். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் சிரிப்பு யோகா கூடவே கூடாது. தானாக வந்துவிட்டால், இருமும்போது செய்வதைப் போலவே ஒரு தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

குடலிறக்க அறுவை முடிந்து படுத்திருந்த என் சித்தப்பாவுக்கும் அப்படி ஒரு தலையணை கொடுத்திருந்தார்கள். பார்க்கப் போன நாங்கள் வாயே திறக்கக் கூடாது என்று பேசிவைத்து, வரிசையாக மௌனமாக நின்றோம். எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "டேய், போயிடுங்கடா, தையல் பிரிஞ்சிடும்" என்றார்.